விளக்கின் விலையும் ஒளியின் விலையும்

தெருவிளக்குகள் மாலைதோறும் எரியத் தொடங்குகின்றன, விடியலில் அணைகின்றன. அவற்றை அண்ணாந்து நோக்குவார் இலர். ஒரு விளக்கு எரியாது போனால் மட்டுமே அதன் அருமை நமக்குத் தெரிகிறது. ஆனால், எரியும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் இரவுதோறும் பணம் செலவாகிறது. அப்பணம் மதிப்பீட்டு வரியாகவும் பிற கட்டணங்களாகவும் நம்மிடமிருந்து பெற்ற பணமேயாகும்.

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் உலகின் நகரங்கள் பல, மஞ்சள் ஒளி தரும் சோடிய ஆவி விளக்குகளைக் களைந்து, எல்.இ.டி. எனப்படும் புதுவகை விளக்குகளைப் பொருத்தியுள்ளன. இம்மாற்றத்தால் உள்ளாட்சி மன்றங்கள் அடையும் நன்மைகள் யாவை? அந்நன்மைகள் எவ்வெவ்விடங்களில் கைநழுவிப் போகின்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விளக்கின் விலை வேறு, ஒளியின் விலை வேறு என்பதை உணர்ந்த மன்றங்களே முழுப் பயன் அடைந்தன என்பது போகப்போக விளங்கும்.

நந்தா விளக்கு கற்பிக்கும் பாடம்

'விளங்கு' என்பது தன்வினை. 'விளக்கு' என்பது பிறவினை. தான் விளங்குவதோடு பிறவற்றையும் விளங்கச் செய்வதே விளக்கு. அவ்வாறு விளங்கச் செய்ய அதற்கு நாள்தோறும் உணவு வேண்டும். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பயின்றோர், கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க விடப்பட்ட அறக்கட்டளைகளை அறிவர். ஒரு விளக்கை எப்பொழுதும் அணையாது எரிக்க 90 ஆடுகளோ 96 ஆடுகளோ அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற மன்றாடிகள் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளந்து கொடுக்கக் கடமைப்பட்டனர். அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிப்பிடும். மூத்தவை கழிந்தாலும் குட்டிகளால் மந்தை குறையாது நிற்றலின் அவை அப்பெயர் பெற்றன.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. கொடையாளர் விளக்கை மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போகவில்லை. விளக்கு ஒருநாள் செலவு. நெய்யோ என்றென்றும் செலவு. அந்த நெய்க்கு வழிவகுத்ததே உண்மையான அறம். இன்றைய நகரங்களுக்கும் இக்கணக்கே பொருந்தும். நெய்யின் இடத்தில் மின்சாரம் இருக்கிறது. மன்றாடியின் இடத்தில் பழுதுபார்க்கும் பணியாளர் இருக்கின்றனர்.

தேங்காய் எண்ணெய் முதல் சோடியம் வரை

நம் வட்டாரத்தின் தெருவிளக்கு வரலாறும் இவ்வுண்மையையே காட்டுகிறது. சிங்கப்பூரில் 1824ஆம் ஆண்டில் முதன்முதல் தெருவிளக்குகள் தேங்காய் எண்ணெயால் எரிந்தன. 1864இல் எரிவாயு விளக்குகள் வந்தன. 1906இல் மின்விளக்குகள் நகரின் நடுப்பகுதித் தெருக்களில் ஒளிர்ந்தன. மலாயாத் தீபகற்பத்தில் இன்னும் முன்னரே, 1894ஆம் ஆண்டில், சிலாங்கூரைச் சேர்ந்த ரவாங்கில் ஈயச் சுரங்கத்துக்கென லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்பொறியை நிறுவினர். அதனால் அச்சிற்றூரின் தெருக்களும் மின்னொளி பெற்றன. நாட்டின் மின்சார வரலாற்றில் ஒரு தமிழரின் பெயர் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருப்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

மின்சாரம் வந்த பின்னும் விளக்கின் வகை மாறிக்கொண்டே வந்தது. இழை சூடேறி ஒளிரும் குமிழ் விளக்கு, தான் உண்ட மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியது. அடுத்து நீல வெண்மையான பாதரச ஆவி விளக்கு வந்தது. அதன்பின் பரவியதே உயரழுத்தச் சோடிய ஆவி விளக்கு. நெடுஞ்சாலைகளில் நாம் பல்லாண்டு கண்ட பொன்மஞ்சள் ஒளி அதனுடையதே. அவ்விளக்கைக் குறைவாக எண்ணுதல் கூடாது. தன் காலத்தில் அது மிகுந்த சிக்கனம் உடையது. ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 100 லூமென் ஒளி தரவல்லது. அங்ஙனமாயின் அதனைக் களைவானேன்?

எத்திசையும் சிந்தும் ஒளி

இதனை அறிய இரண்டு அளவைகளைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். விளக்கு உண்ணும் மின்னாற்றலின் அளவு வாட். அது வெளியிடும் ஒளியின் அளவு லூமென். கடைக்குச் செல்வோர் பலர் வாட்டைக் கேட்டே விளக்கு வாங்குகின்றனர். இது, சோறு எவ்வளவு கிடைக்கும் என்று கேளாது, அடுப்பில் எவ்வளவு விறகு எரியும் என்று மட்டும் கேட்பதை ஒக்கும்.

சோடிய விளக்கின் குறை, ஒளி எத்திசையும் பாய்வதாகும். அதன் ஒளியில் ஒரு பகுதி மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் செல்கிறது. அதனைப் பளபளப்பான தகட்டால் சாலையை நோக்கித் திருப்பும்போது ஒரு பங்கு இழப்பாகிறது. விளக்கை இயக்கும் மின்கட்டுக்கருவியும் தனியே மின்சாரம் உண்கிறது. மேலும், அதன் மஞ்சள் ஒளியில் நிறங்கள் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. சிவப்புச் சட்டையா, பழுப்புச் சட்டையா என்று அறிவது அரிதாகிறது.

எல்.இ.டி. என்பதைத் தமிழில் ஒளியுமிழ் இருமுனையம் என்பர். இதில் எரியும் இழையும் இல்லை, ஆவியும் இல்லை. இரண்டு வகைக் குறைகடத்திகள் ஒட்டியிருக்கும் இடத்தில் மின்னணுக்கள் உயர்ந்த ஆற்றல் நிலையினின்று தாழ்ந்த நிலைக்கு இறங்குகின்றன. அவ்வாறு இறங்கும்போது இழக்கும் ஆற்றலே ஒளியாக வெளிப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் இருமுனையத்தை 1962இல் அமெரிக்கரான நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். ஆனால், நீல ஒளி கிட்டாத வரையில் வெள்ளொளி விளக்கு செய்ய இயலவில்லை. அந்த அரிய வேலையைக் காலியம் நைட்ரைடு என்னும் பொருளைக் கொண்டு நிறைவேற்றிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் நிற ஒளிர்பூச்சு ஒன்று இடப்படுகிறது. நீல ஒளியின் ஒரு பகுதியை அப்பூச்சு மஞ்சளாக மாற்றுகிறது. எஞ்சிய நீலமும் அம்மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. இச்சிறு செய்தியை நினைவில் வைத்தல் நலம்; பின்னர் வரும் குறைகளுக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது.

இருமுனையம் ஒரு திசை நோக்கியே ஒளி வீசுவது. ஆதலின் சிறு கண்ணாடி வில்லைகளால் அவ்வொளியைச் சாலையின்மீது மட்டும் விழுமாறு அமைக்கலாம். வீட்டுச் சன்னலுக்கும் வானத்துக்கும் செல்லும் ஒளி மிச்சமாகிறது. பொத்தானை அமுக்கிய நொடியிலேயே முழு ஒளி தரும். வேண்டியபோது மங்கவும் வைக்கலாம். சோடிய விளக்கின் ஆயுள் ஏறத்தாழ 24,000 மணி நேரம் என்பர். நல்ல எல்.இ.டி. விளக்குக்கு 50,000 முதல் 1,00,000 மணி நேரம் வரை மதிப்பிடுகின்றனர்.

ஒரு சிறு கணக்கு

நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாடுகளில் இரவின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. எனவே, ஒரு தெருவிளக்கு ஆண்டுக்கு 4,300 மணி நேரம் எரிகிறது எனக் கொள்ளலாம்.

10,000 விளக்குகளையுடைய நகராண்மைக் கழகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்குள்ள ஒவ்வொரு சோடிய விளக்கும், தன் கருவியின் இழப்பையும் சேர்த்து, 170 வாட் உண்கிறது. அதற்கு ஈடாக 70 வாட் எல்.இ.டி. விளக்கு போதும் என்க. மிச்சம் 100 வாட். 4,300 மணி நேரத்துக்கு அது 430 யூனிட் ஆகும். 10,000 விளக்குகளுக்கு 43 இலட்சம் யூனிட். யூனிட்டுக்கு 30 சென் என்று கணக்கிட்டால் ஆண்டு மிச்சம் 12 இலட்சத்து 90 ஆயிரம் வெள்ளி. விளக்கு ஒன்றை வாங்கிப் பொருத்த 800 வெள்ளி செலவாகுமாயின் மொத்த முதல் 80 இலட்சம் வெள்ளி. அம்முதல் ஆறு ஆண்டு சில மாதங்களில் திரும்பிவிடும். விளக்கோ பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக எரியக்கூடும்.

அதே கழகம், 'ஒளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்று எண்ணி, 70 வாட்டுக்குப் பதிலாக 100 வாட் விளக்கை அதே விலைக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். விளக்கொன்றின் மிச்சம் 70 வாட்டாகச் சுருங்கும். ஆண்டு மிச்சம் 9 இலட்சத்துச் சொச்சம் வெள்ளியாகக் குறையும். முதல் திரும்ப ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகும். விளக்கின் விலையில் மாற்றமில்லை. ஒளியின் விலையே கூடிற்று. வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத இச்செலவு, பின்னர் ஒவ்வோர் இரவும் தொடர்கிறது.

இவை கணக்குக்காக நாம் கொண்ட எண்களே. உண்மை நகரம் ஒன்றில் நிகழ்ந்தது யாது என்று இனி நோக்குவோம்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பட்டறிவு

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் உண்டு. அவற்றைப் பேணுவதற்கெனச் சொத்துடையோரிடம் தனிக் கட்டணம் ஒன்று பெறப்பட்டு வந்தது. 1996ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மக்கள் வாக்களிப்பின்வழி ஒரு சட்டம் நிறைவேறியது. சொத்துடையோரின் வாக்கைப் பெறாமல் இத்தகைய கட்டணங்களை உயர்த்துதல் கூடாது என்பது அச்சட்டம். கட்டணம் நின்ற இடத்திலேயே நின்றது. மின்சாரத்தின் விலையும் ஊதியமும் ஏறிக்கொண்டே போயின. வரவு ஏறாது செலவு மட்டும் ஏறும் இந்நிலை எந்த உள்ளாட்சி மன்றத்துக்கும் புதிதன்று.

2009ஆம் ஆண்டில் அந்நகரம் 1,40,000 விளக்குகளை எல்.இ.டி. ஆக மாற்றத் தொடங்கியது. 2013இல் அக்கட்டம் நிறைவேறியது. திட்டத்தின் செலவு ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் டாலர். இதன் பெரும்பகுதி நகரின் சொந்த மின்வாரியத்திடம் பெற்ற கடன். ஏழு ஆண்டுகளில் அதனைத் தீர்ப்பது என்பது ஏற்பாடு. எஞ்சியதை அம்மின்வாரியம் தந்த ஊக்கத் தொகையும் விளக்குத்துறையின் சேமிப்பும் ஈடுசெய்தன. புதுவரி விதிக்கவில்லை. மின்கட்டணத்தில் மிச்சமான பணமே கடனை அடைக்கும் பணமாயிற்று.

பயன் எதிர்பார்த்ததைவிட மிகுந்தது. நூற்றுக்கு 40 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று முதலில் மதிப்பிட்டனர். உண்மையில் மிச்சமானது 63 பங்கு. மின்கட்டணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் டாலரும், பழுதுபார்க்கும் செலவில் 25 இலட்சம் டாலரும் குறையும் என அப்போது கணக்கிட்டனர். இரண்டாவது எண் பலர் எண்ணாத ஒன்று. ஒரு விளக்கை மாற்ற ஏணி பொருத்திய லாரியும் இருவர் மூவரும் செல்ல வேண்டும். சாலையின் ஒரு பகுதியை மறிக்க வேண்டும். அவ்வேலை ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதற்கும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

வெற்றிக்குக் காரணம் யாது? அந்நகரம் எல்லா விளக்குகளையும் ஒரே நாளில் வாங்கிவிடவில்லை. பல வகைகளைத் தெருக்களில் பொருத்திச் சோதித்து, தனக்கு வேண்டிய தரத்தைத் தானே வரையறுத்து, கட்டங்கட்டமாக வாங்கியது. ஆண்டுதோறும் விளக்கின் திறன் ஏறியது, விலை இறங்கியது. பொறுத்து வாங்கியவர்க்கு அவ்விரு நன்மைகளும் கிட்டின.

ஆயினும், அந்நகரமும் பின்னர் ஒரு துன்பத்தைக் கண்டது. தெருவிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் செப்புக் கம்பிகளைத் திருடுவோர் அண்மை ஆண்டுகளில் பெருகினர். 2022இல் திறக்கப்பட்ட புதிய ஆறாம் தெருப் பாலமே இத்திருட்டால் இருளில் மூழ்கியது. இருபது ஆண்டு ஆயுளுடைய விளக்கும் கம்பியில்லாமல் எரியாது. பேணுதற்குப் பொருள் ஒதுக்காத விளக்கு, ஆடு விடாத நந்தா விளக்கேயாகும்.

முதல் இல்லாத நகரம் என்ன செய்யும்?

லாஸ் ஏஞ்சலசுக்குக் கடன் கொடுக்கச் சொந்த மின்வாரியம் இருந்தது. அவ்வாய்ப்பு இல்லாத நகரங்களுக்கு வழி யாது? இதற்கு விடையாக அமைவது ஆந்திரப் பிரதேசத்தின் விசாகப்பட்டினம்.

2014 அக்டோபர் 12ஆம் நாள் ஹூத்ஹூத் என்னும் கடும்புயல் அந்நகரைத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன; நகரம் இருண்டது. விளக்கமைப்பைப் புதுப்பிக்க வேண்டிய நிலையில், மாநகராட்சி, இந்திய அரசுத் துறை நிறுவனமான எரிசக்தித் திறன் சேவை நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. விளக்குகளை வாங்கிப் பொருத்தும் முதலை அந்நிறுவனம் இட்டது; பல ஆண்டுகள் பேணும் பொறுப்பையும் ஏற்றது. மாநகராட்சி, மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து தவணை செலுத்துவது என்பது ஏற்பாடு. 2015ஆம் ஆண்டுக்குள் 91,000க்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன.

அதே ஆண்டு சனவரியில் இந்திய அரசு இம்முறையை நாடு முழுவதற்குமான தெருவிளக்குத் திட்டமாக அறிவித்தது. அதன்கீழ் ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. கைப்பொருள் இல்லாத சிறு நகராட்சிகளும் ஊராட்சிகளும் புதிய ஒளி பெற இது வழிவகுத்தது.

ஆனால், உள்ளாட்சிகள் பல தவணையை உரிய காலத்தில் செலுத்தவில்லை. மின்கட்டணம் குறைந்ததால் மிஞ்சிய பணம் தனியே எடுத்து வைக்கப்படாமல் வேறு செலவுகளில் கரைந்தது. நிறுவனத்துக்கு வரவேண்டிய பாக்கி பெருகியது. பாக்கி பெருகும் இடத்தில் பழுதுபார்க்கும் வேலை தளர்வது இயல்பே. மிச்சம் என்பது கணக்கேட்டில் மட்டும் தோன்றும் பொருள். அதனைத் தனி நிதியாகக் கட்டிக் காவாவிடில் அது இருந்த இடம் தெரியாது மறையும். இப்பாடம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று.

மிகையொளியும் ஒரு குறையே

பணக்கணக்கு மட்டுமே நன்மையின் அளவுகோல் அன்று. தெருவிளக்கின் கீழ் மக்கள் வாழ்கின்றனர், உறங்குகின்றனர். இதனை மறந்த நகரங்கள் இருமுறை செலவு செய்ய நேர்ந்தது.

கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிஸ் என்னும் சிறு நகரம் 2014இல் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தத் தொடங்கியது. ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது, படுக்கையறைக்குள் புகுகிறது என்று குடிமக்கள் முறையிட்டனர். நகரம் பணியை நிறுத்தி, பொருத்திய விளக்குகளில் 650ஐக் கழற்றி, மென்மையான ஒளி தருவனவற்றை இட்டது. அதற்கான கூடுதல் செலவு ஏறத்தாழ 3,50,000 டாலர். குடிமக்களை முன்னரே கேட்டிருந்தால் இப்பணம் மிஞ்சியிருக்கும் அல்லவா?

ஒளியின் சாயலைக் கெல்வின் என்னும் அளவையால் குறிப்பர். எண் குறையக் குறைய ஒளி மஞ்சள் சார்ந்து இதமாக இருக்கும்; எண் கூடக் கூட நீலம் சார்ந்து கூர்மையாகும். டேவிஸ் முதலில் இட்டது 4,000 கெல்வின். பின்னர் இட்டது 2,700 கெல்வின். நீல ஒளி இரவில் உடலின் உறக்க முறையைக் கலைக்கவல்லது. இதனால் அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல், தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மிகாதிருத்தல் நலம் என்று அறிவுறுத்தியது. நீல ஒளி மிகுந்த விளக்கு சற்றுக் கூடுதல் சிக்கனம் தரும் என்பது உண்மையே. ஆனால் திறன் வளர்ந்துவிட்ட இந்நாளில் அவ்வேறுபாடு சிறிது. மக்களின் உறக்கமோ பெரிது.

மனிதரேயன்றிப் பிற உயிர்களும் பாதிக்கப்படுகின்றன. 2021இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று, விளக்கொளி படும் சாலையோர வேலிச்செடிகளில் அந்துப்பூச்சிகளின் புழுக்கள் நூற்றுக்கு 47 பங்கு குறைந்திருந்ததைக் கண்டது. வெள்ளை எல்.இ.டி. ஒளியில் இவ்விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. இனி வானத்தை நோக்கின், 2012 முதல் 2016 வரை செயற்கைக்கோள் கொண்டு செய்த ஆய்வில், உலகில் இரவொளி படும் நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு விரிந்து வந்தது தெரிந்தது. ஒளி மலிவானதும், வேண்டாத இடத்திலும் விளக்கு வைக்கும் ஆசை பிறக்கிறது. அப்போது ஒரு கையால் மிச்சப்படுத்தியதை மறு கையால் செலவழிக்கிறோம்.

மற்றுமொரு விந்தையும் நேர்ந்தது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெள்ளை விளக்குகள் திடீரென ஊதா நிறமாயின. மக்கள் பலவாறு ஐயுற்றனர். காரணம் மிக எளியது. நீலச் சில்லின்மீது இடப்பட்ட மஞ்சள் ஒளிர்பூச்சு தரக்குறைவால் உரிந்துவிட்டது. உள்ளிருந்த நீலம் வெளிப்பட்டது. பல ஆண்டுகளுக்கு உறுதிச்சீட்டுப் பெற்றிருந்த நகரங்களுக்கு விற்றவரே மாற்று விளக்கு தந்தனர். ஒப்பந்தத்தில் எழுதப்படும் ஒரு வரி எத்துணைப் பணம் பெறும் என்பதற்கு இது சான்று.

ஒளியைக் குறைத்தால் குற்றம் பெருகுமா?

ஒளியை மங்க வைக்கலாம் என்றதும் மக்கள் மனத்தில் எழும் அச்சம் இது. அச்சத்தை எள்ளாமல் ஆய்வுகளைக் கொண்டு நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 62 உள்ளாட்சி மன்றங்களின் பதினான்கு ஆண்டுச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. நள்ளிரவுக்குப் பின் விளக்குகளை மங்க வைத்த இடங்களிலும், வெள்ளொளிக்கு மாறிய இடங்களிலும், சாலை விபத்தோ குற்றமோ பெருகியதற்குச் சான்று இல்லை என்பது அதன் முடிவு. அதற்கு மாறாக, நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்புகளில் 2016இல் நடந்த சோதனை ஒன்றில், மிகுந்த ஒளி தரும் விளக்குக் கோபுரங்கள் சில குடியிருப்புகளில் நிறுவப்பட்டன. அங்கு இரவில் வெளியிடங்களில் நிகழும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இவ்விரண்டும் முரணானவை அல்ல. முன்னது பெரும்பாலும் நல்ல விளக்கமைப்புடைய சாலைகளைப் பற்றியது. பின்னது குற்றம் மலிந்த குடியிருப்புகளைப் பற்றியது. வண்டியும் ஆளும் அருகிய நள்ளிரவுச் சாலையில் ஒளியைக் குறைக்கலாம். இருள் சூழ்ந்த நடைபாதையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒளியைக் கூட்டலாம். அங்கு மிஞ்சும் பணம் இங்கு உதவும். இவ்வாறு இடமும் காலமும் அறிந்து ஒளியைப் பகிர்ந்தளிக்கும் வாய்ப்பைச் சோடிய விளக்கு தரவில்லை. எல்.இ.டி. விளக்கு தருகிறது. அதன் தலையாய நன்மையாக யாம் கருதுவது இதுவே.

சிங்கப்பூர் இவ்வழியில் சென்றுள்ளது. சாலை விளக்குகளை 2022ஆம் ஆண்டுக்குள் எல்.இ.டி. ஆக மாற்றுவது என நிலப் போக்குவரத்து ஆணையம் திட்டமிட்டது. அவற்றைத் தொலைவிலிருந்து இயக்கிக் கண்காணிக்கும் ஏற்பாட்டையும் இணைத்தது. பகலிலேயே வானம் இருண்டு பெருமழை பெய்தால் விளக்குகளை எரியச் செய்யலாம். எந்த விளக்கு பழுதாயிற்று என்பதை, எவரும் முறையிடுமுன் அறியலாம்.

நம் மன்றங்கள் கேட்க வேண்டியவை

மேற்கண்ட நகரங்களின் பட்டறிவிலிருந்து, விளக்கு மாற்ற முனையும் எந்த உள்ளாட்சி மன்றமும் கேட்க வேண்டிய வினாக்கள் சில பெறப்படுகின்றன.

முதலாவது: இத்தெருவுக்கு எவ்வளவு ஒளி தேவை? பழைய விளக்கின் வாட்டைப் பார்த்துப் புதியதை முடிவு செய்தல் ஆகாது. சாலையின் அகலம், கம்பத்தின் உயரம், கம்பங்களின் இடைவெளி ஆகியவற்றை அளந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். மரக்கிளைகள் ஒளியை மறைக்கும் இடங்களில், புதுவிளக்கைவிடக் கிளையை வெட்டும் கத்தி மலிவானது.

இரண்டாவது: டெண்டரில் எதன் விலையை ஒப்பிடுகிறோம்? விளக்கின் விலையை மட்டும் ஒப்பிட்டால் மலிவுச் சரக்கே வெல்லும். பத்தாண்டு மின்கட்டணம், பழுதுச் செலவு ஆகியவற்றையும் கூட்டி ஒப்பிட்டால் நல்ல சரக்கு வெல்லும்.

மூன்றாவது: நம் தட்பவெப்பத்தை விளக்கு தாங்குமா? எல்.இ.டி.க்கு முதற்பகை வெப்பம். சில்லில் எழும் வெப்பம் உலோக உடல்வழி வெளியேறாவிடில் ஒளி விரைவில் மங்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் இடிமின்னல் மிகுந்த நாடுகள். மின்னலால் கம்பியில் பாயும் மிகையழுத்தம், விளக்கின் உள்ளிருக்கும் மின்னணுக் கருவியை ஒரு நொடியில் அழிக்கும். எனவே, மிகையழுத்தத் தடுப்பானும், ஈரமும் பூச்சியும் புகாத உறையும் இன்றியமையாதவை. குளிர்நாட்டில் இருபது ஆண்டு எரியும் விளக்கு இங்கும் அவ்வாறே எரியும் என்று நம்பிவிடுதல் கூடாது.

நான்காவது: மிச்சமாகும் பணம் எங்கே போகிறது? அது தனிக் கணக்கில் சேர்கிறதா? கடன் தீர்ந்தபின் பேணுதற்கும் அடுத்த தலைமுறை விளக்குக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறதா?

ஐந்தாவது: குடிமக்களைக் கேட்டாயிற்றா? ஒரு தாமானில் இருபது விளக்குகளை முதலில் பொருத்தி, ஒரு திங்கள் கழித்து அங்கு வாழ்வோர் கருத்தை அறிவது எளிது. முதியோர்க்குக் கண் கூசுகிறதா, பெண்கள் அச்சமின்றி நடக்க முடிகிறதா என்பவற்றை அளவுகோல் சொல்லாது. மக்களே சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர்கள் இக்கணக்கை வகுப்பறைக்கும் கொண்டு செல்லலாம். தம் தெருவின் விளக்குகளை எண்ணி, ஆண்டு மின்செலவைக் கணக்கிட்டுக் கட்டுரை எழுதும் மாணவன், அறிவியலையும் கணிதத்தையும் தாய்மொழியில் பயில்கிறான். அதோடு தன் ஊரின் வரவு செலவில் தனக்கும் பங்குண்டு என்பதை உணர்கிறான். அவன் நாளை வரி செலுத்துவோனாகும்போது, புதிய விளக்கைக் கண்டு மகிழ்வதோடு நில்லாது, 'இதற்கு நெய் வார்ப்பவர் யார்? எத்தனை ஆண்டுகளுக்கு?' என்று கேட்பான். அவ்வினாவை எழுப்பும் மக்கள் உள்ள ஊரில் தெருவிளக்கு அணையாது.